குரலால் நடக்கும் சந்தை

கார்த்திகை பிறந்தால் நமது சேர்வராயன் மலையில் காப்பிப் பழம் சிவக்கத் தொடங்கிவிடும். தை மாதம் வரை பறிப்பு நடக்கும். பறித்த பழத்தைப் பல்பரில் இட்டுத் தோல் நீக்கி, ஊற வைத்துக் கழுவிக் காய வைத்தால் அது பார்ச்மென்ட். தோலோடு அப்படியே வெயிலில் காய வைத்தால் செர்ரி. பெரிய தோட்டங்களில் பல்பரும் காயவைக்கும் களமும் உண்டு. ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருப்போர் பெரும்பாலும் செர்ரியாகவே காய வைத்து மூட்டை கட்டிவிடுவர். மூட்டை கட்டியாயிற்று, பிறகு வீட்டுத் திண்ணையில் ஒரு கேள்வி எழும்: "இன்னைக்கு என்ன விலை?"

இக்கேள்விக்கு விடை தெரிந்தவர் மூட்டையை வாங்க வருபவர். தெரியாதவர் மூட்டைக்கு உரியவர். இந்த ஒரு வேற்றுமையிலேயே ஒரு குடும்பத்தின் ஓராண்டு உழைப்பில் ஒரு பங்கு கரைந்து போகக் கூடும். ஆகையால், விலையை அறிவதும் விலை பேசுவதும் எவ்வாறு மாறி வருகின்றன, அதில் மனிதக் குரலுக்கும் கைப்பேசிக்கும் என்ன வேலை என்பதை இக்கட்டுரையில் காண்போம். கணிதத்தில் ஆர்வமுள்ள மாணவியருக்கும் இதில் சிறிது தீனி உண்டு.

நம் மலைக்குக் காப்பிச் செடி வந்தது 1820களில். அக்காலத்தில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் இங்கே காப்பி பயிரிடச் செய்தார் என்பது ஏற்காட்டுப் பிள்ளைகள் யாவரும் அறிந்ததே. ஆனால் விற்பனையின் வரலாறு அவ்வளவாக அறியப்படவில்லை. 1942ஆம் ஆண்டின் காப்பிச் சட்டத்தின் கீழ், விளைந்த காப்பி முழுவதையும் காப்பி வாரியத்தின் பொதுத் தொகுப்பில் சேர்க்க வேண்டும் என்ற முறை நெடுங்காலம் இருந்தது. வாரியமே ஏலம் விட்டு, விற்ற பணத்தைத் தவணை தவணையாக உரியவர்க்கு அளித்தது. "பூல் பணம் வந்துவிட்டதா?" என்று அக்காலத்தில் வீட்டுக்கு வீடு கேட்பார்களாம். 1992இல் இக்கட்டுப்பாடு ஓரளவு தளர்ந்தது. 1996இல் விளைவிப்பவர் தம் காப்பி முழுவதையும் தாமே விற்றுக் கொள்ளலாம் என்றாயிற்று.

இது நல்ல விடுதலைதான். ஆனால் விடுதலையோடு ஒரு பொறுப்பும் வந்தது. நியூயார்க்கிலும் லண்டனிலும் நாள்தோறும் ஏறி இறங்கும் காப்பி விலை, கொண்டையூசி வளைவுகள் இருபதையும் கடந்து மலை மேல் உள்ள சிற்றூருக்கு வந்து சேர வேண்டும். அதைக் கொண்டு வருபவர் யார்? பெரும்பாலும், மூட்டையை வாங்க வரும் வியாபாரியே.

முகவர் என்ற சொல்லை இங்கே விளக்க வேண்டும். நமக்காக, நம் பெயரால், நமக்குப் பதிலாக ஒரு காரியத்தைச் செய்பவர் முகவர். ஏஜெண்டு என்று பேச்சில் சொல்கிறோம். மாட்டுச் சந்தைத் தரகரும் முகவரே. விற்பவரும் வாங்குபவரும் ஒரு துண்டின் அடியில் கை கோத்து, விரல்களைப் பிடித்தே விலை பேசும் வழக்கத்தை நம் பாட்டனார்கள் பார்த்திருக்கின்றனர். சுற்றி நூறு பேர் நின்றாலும் என்ன விலை பேசப்படுகிறது என்று ஒருவருக்கும் தெரியாது. துண்டின் அடியில் விரல் பேசிய பேச்சும் ஒரு மொழியே.

இனி, செய்தியைச் சாதாரண மக்களிடம் குரலாகக் கொண்டு சேர்த்த சில முயற்சிகளைப் பார்ப்போம். புதுச்சேரிக்கு அருகே வீராம்பட்டினம் என்ற மீனவர் ஊர் இருக்கிறது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் அப்பகுதிச் சிற்றூர்களில் அறிவு மையங்களை அமைத்தது. கடல் அலையின் உயரம் பற்றிய முன்னறிவிப்பைக் கணிப்பொறி வழியே பெற்று, கடற்கரையை நோக்கி வைத்த ஒலிபெருக்கியில் தமிழில் அறிவித்தனர். முன்னறிவிப்பு வந்தது அமெரிக்கக் கடற்படையின் இணையப் பக்கத்திலிருந்து. சேர்ந்தது வலை பிழிந்து கொண்டிருந்தவரின் காதில். அவருக்குக் கணிப்பொறி தெரிய வேண்டியதில்லை, ஆங்கிலமும் வேண்டியதில்லை. காது ஒன்று போதும். இம்முயற்சியைப் பற்றிப் படிக்கும் போதெல்லாம் எனக்கு வியப்பு உண்டாகிறது. ஒலிபெருக்கி நம் கோவில் திருவிழாக்களில் ஆண்டுதோறும் கட்டப்படும் பொருள். அதை இந்த வேலைக்குப் பயன்படுத்தலாம் என்று எண்ணியதே பெரிது.

கேரளக் கடற்கரைக் கதை இதனினும் விலை பற்றியது. 1997க்கும் 2001க்கும் இடையே வடகேரளக் கடலோரத்தில் கைப்பேசிக் கோபுரங்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. அதற்கு முன், மத்தி மீன் பிடித்த படகு தன் வழக்கமான கரைக்கே வரும். அங்கே மீன் மிகுந்திருந்தால் வாங்க ஆளிராது. மீனைக் கடலிலேயே கொட்டிவிட்டுப் போவார்கள். சில மைல் தள்ளி உள்ள கரையில் மீனின்றி வியாபாரிகள் வெறுங்கையோடு திரும்புவார்கள். கைப்பேசி வந்த பின் படகிலிருந்தே நாலு கரைகளுக்குப் பேசி, விலை உள்ள கரைக்குப் படகைத் திருப்பினர். பொருளாதார அறிஞர் ராபர்ட் ஜென்சன் இதை ஆராய்ந்து 2007இல் வெளியிட்டார். முன்னர் பிடித்த மீனில் 5 முதல் 8 சதவீதம் வரை வீணாகி வந்தது. பின்னர் அந்த வீண் அநேகமாக நின்று போயிற்று. கரைக்குக் கரை இருந்த விலை வேறுபாடும் பெரிதும் குறைந்தது. மீனவருக்கு வருவாய் கூடியது. மீன் வாங்குவோருக்கு விலை சற்றுக் குறைந்தது. ஒருவர் பெற்றால் மற்றவர் இழக்க வேண்டும் என்ற நம் எண்ணம் இங்கே பொய்த்துவிட்டதைக் கவனியுங்கள். கடலில் கொட்டிய மீன் இருவருக்கும் பங்காகிவிட்டது.

மத்தியப் பிரதேசத்தில் 2000ஆம் ஆண்டு ஐ.டி.சி. நிறுவனம் தொடங்கிய இ-சௌபால் மற்றொரு வழி. ஊரில் ஒரு விவசாயியின் வீட்டில் கணிப்பொறி வைக்கப்பட்டது. அவருக்குச் சஞ்சாலக் என்று பெயர். அன்றைய சோயா விலையை அவர் ஊராருக்குச் சொல்வார். நிறுவனத்துக்கு விற்க ஏற்பாடு செய்து அதற்குக் கமிஷன் பெறுவார். ஊர் மக்கள் முன்னிலையில் நேர்மையாக நடப்பேன் என்று அவர் உறுதிமொழி எடுக்க வேண்டும் என்பது இத்திட்டத்தின் ஓர் அழகு. பழைய மண்டித் தரகர்களையும் அந்நிறுவனம் ஒதுக்கிவிடவில்லை. வேறு பெயரில் வேலை கொடுத்து வைத்துக் கொண்டது. இயந்திரம் வந்தால் தரகர் ஒழிந்துவிடுவார் என்று சொல்பவர்கள் இதை மறந்துவிடுகின்றனர்.

நமது காப்பிக்கு வருவோம். காப்பி வாரியம் 2018இல் 'காப்பி கிருஷி தரங்கா' என்ற கைப்பேசிக் குரல் சேவையைத் தொடங்கியது. முதற்கண் கர்நாடகத்தின் சிக்மகளூர், ஹாசன் மாவட்டங்களில் அது நடந்தது. விவசாயியின் சாதாரணக் கைப்பேசிக்கு அழைப்பு வரும். உரமிடுதல், காய்ப்புழு, கவாத்து போன்றவை பற்றிய பதிவு செய்த குரலை அவர் கேட்கலாம். அவரும் தம் ஐயத்தைக் குரலாகவே பதிவு செய்யலாம். விடை குரலாகவே திரும்பி வரும். இதில் துணை நின்ற அமைப்பை நிறுவியவர்களுள் ஒருவரான மைக்கேல் கிரீமர், 2019இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்து கொண்டார். அதே 2019 மார்ச்சில் காப்பி வாரியம் கணிப்பொறிச் சந்தை ஒன்றையும் சோதனை முறையில் தொடங்கியது. ஒரு மூட்டைக் காப்பி எத்தோட்டத்தில் விளைந்தது, யார் கைமாறி எங்கே சென்றது என்பதை அழிக்க முடியாத பேரேட்டில் எழுதி வைத்து, விளைவிப்பவரையும் வாங்குபவரையும் நேரே சந்திக்க வைப்பது அதன் நோக்கம். ஒன்று குரலில் நடந்தது, மற்றது திரையில் நடந்தது. இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தால் என்ன என்பதுதான் நம் பொருள்.

திரையில் நடக்கும் சந்தையில் மனிதருக்குப் பதிலாக மென்பொருளே பேரம் பேச முடியுமா? முடியும் என்று 1996இலேயே செய்து காட்டினர். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஆண்டனி சாவேஸ், பேட்டி மேஸ் என்ற இருவர் 'காஸ்பா' என்ற சந்தையை உருவாக்கினர். அதில் விற்பவர் மூன்று செய்திகளைச் சொல்லி ஒரு மென்பொருள் முகவரை அனுப்புவார்: நான் விரும்பும் விலை என்ன, எதற்கும் கீழே போகக் கூடாத விலை என்ன, எத்தனை நாளில் விற்க வேண்டும். முகவர் தானே வாங்கும் முகவர்களைத் தேடிப் பேரம் பேசும். நாள் ஆக ஆக விலையைக் குறைத்துக் கொண்டே வரும். எவ்வளவு வேகமாகக் குறைப்பது என்பதில் மூன்று குணங்கள் வைத்திருந்தனர்: பதற்றக்காரர், நிதானக்காரர், பேராசைக்காரர்.

மிளகை எடுத்துக் கொள்வோம். சில்வர் ஓக் மரத்தில் ஏறிய கொடியில் விளைந்த மிளகு ஒரு மூட்டை. விரும்பும் விலை கிலோ 700 ரூபாய், அடிமட்ட விலை 600 ரூபாய், தவணை 10 நாள் என்று வைத்துக் கொள்வோம். பதற்றக்கார முகவர் நாளுக்குப் பத்து ரூபாய் வீதம் நேர்கோட்டில் குறைப்பார். ஐந்தாம் நாள் அவர் கேட்பது 650. நிதானக்காரர், கழிந்த நாளின் பின்னத்தை இருபடியாக்கிக் குறைப்பார். ஐந்தாம் நாள் பாதி; பாதியின் இருபடி கால்; நூறில் கால் 25; ஆகவே அவர் கேட்பது 675. பேராசைக்காரர் முப்படியாக்குவார். பாதியின் முப்படி அரைக்கால். நூறில் அரைக்கால் பன்னிரண்டரை. அவர் கேட்பது 687 ரூபாய் 50 காசு. பத்தாம் நாள் மூவரும் 600க்கு வந்து நிற்பர். இம்மூன்றையும் வரைபடத் தாளில் வரைந்து பாருங்கள். ஒரு நேர்கோடும் இரு வளைகோடுகளும் கிடைக்கும். "இருபடிச் சார்பு எதற்கு, டீச்சர்?" என்று ஆண்டுதோறும் என்னைக் கேட்கும் பிள்ளைகளுக்கு இதுவே என் பதில்.

இந்தச் சோதனையில் கலந்து கொண்டவர்களுக்கு ஒரு குறை இருந்தது. தங்கள் முகவர்கள் மதியீனமாக நடப்பதாகச் சொன்னார்கள். நல்ல விலை தர வேறொருவர் காத்திருக்க, முதலில் வந்த விலையையே முகவர் ஏற்றுக் கொண்டுவிடுமாம். நம் ஊர்த் தரகர் அப்படிச் செய்திருந்தால் அடுத்த சந்தைக்கு அவர் தலை காட்ட முடியாது.

இன்றைய முகவர்கள் காஸ்பாவைவிடத் திறமை மிக்கவை. அவற்றோடு தட்டச்சு செய்து பேச வேண்டிய கட்டாயமும் குறைந்து வருகின்றது. நாம் பேசும் ஒலியைக் கணிப்பொறி நொடியில் நாற்பதில் ஒரு பங்கு போன்ற சிறு சிறு துண்டுகளாக வெட்டி ஆராய்ந்து எழுத்தாக்குகிறது. எழுத்திலிருந்து கருத்தை எடுக்கிறது. விடையை மீண்டும் குரலாக்குகிறது. இந்திய மொழிகளுக்கு இத்தகைய வசதி வேண்டும் என்றே 2022இல் மத்திய அரசு 'பாஷினி' திட்டத்தைத் தொடங்கியது. சென்னை ஐ.ஐ.டி.யில் உள்ள ஏஐ4பாரத் குழுவினர், அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் மக்கள் இயல்பாகப் பேசும் பேச்சைப் பதிவு செய்து திரட்டியுள்ளனர். புத்தகத் தமிழை மட்டும் கற்ற இயந்திரம் நம் மலைச் சிற்றூரில் வாய் திறக்கவே முடியாதல்லவா?

இது வெறும் உச்சரிப்புப் பிரச்சினை என்று எண்ணிவிடாதீர்கள். எழுதும்போது ஒன்பது, ஐம்பது, எண்பது என்று தெளிவாக எழுதுகிறோம். பேசும்போது? ஒம்பது, அம்பது, எம்பது. முதல் ஒலி ஒன்றே வேறுபாடு. மழைக்காலத்தில் தகரக் கூரையின் கீழ் நின்று, விட்டு விட்டு வரும் சிக்னலில் இவற்றைச் சொன்னால் மனிதருக்கே ஐயம் வரும். பிறகு அளவைகள். படி, வள்ளம், மூட்டை என்று நாம் சொல்வதெல்லாம் கிலோவாக மாற வேண்டும். காப்பி விலையை 50 கிலோ மூட்டைக்குச் சொல்வது வழக்கம். மிளகு விலையைக் கிலோவுக்குச் சொல்கிறோம். 'அரை', 'முக்கால்', 'ஒண்ணேகால்' என்று நாம் பேச்சில் எளிதாகக் கையாளும் பின்னங்கள் வேறு. பாட்டி ஒருவர் "ரெண்டே முக்கா மூட்டை செர்ரி இருக்கு, ஏழுக்குக் கொறஞ்சு வேணாம்" என்று சொன்னால், அந்த ஏழு ஏழாயிரம் என்பது மண்டிக்காரருக்குத் தெரியும். இயந்திரத்துக்குச் சொல்லித்தர வேண்டும்.

ஆகையால் நல்ல குரல் சந்தையில் ஒரு விதி இன்றியமையாதது. கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். "இரண்டே முக்கால் மூட்டை செர்ரி, மூட்டை ஏழாயிரம் ரூபாய்க்குக் குறையாமல், சரிதானா? சரி என்றால் ஒன்றை அழுத்துங்கள்." எண்ணைப் பொத்தானில் அழுத்தச் செய்வது பழைய முறைதான், ஆனால் பணம் தொடர்பான இடத்தில் அதுவே பாதுகாப்பு. 2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி தொடங்கி வைத்த 'யு.பி.ஐ. 123பே' சேவையில், இணையம் இல்லாத சாதாரணக் கைப்பேசியிலும் குரல் வழிகாட்டுதலைக் கேட்டுப் பணம் அனுப்பலாம். இரகசிய எண்ணை மட்டும் பொத்தானிலேயே அழுத்த வேண்டும். அதை எவரிடமும் வாயால் சொல்லலாகாது என்பதைப் பெற்றோர் பிள்ளைகளுக்கும், பெரும்பாலான வீடுகளில் பிள்ளைகள் பெற்றோருக்கும் சொல்லித்தர வேண்டும்.

இந்த மாற்றத்தில் என்னைப் பெரிதும் சிந்திக்க வைப்பது வேறொன்று. முகவர் யாருக்கு உண்மையாயிருக்கிறார்? லூக்கா நற்செய்தியில் வரும் முன்மதியுள்ள வீட்டுப் பொறுப்பாளரை நினைத்துப் பாருங்கள். அவர் தலைவரின் முகவர். வேலை போகப் போகிறது என்று தெரிந்ததும் கடன்பட்டவர்களை அழைத்து, நூறு குடம் எண்ணெயை ஐம்பது என்றும், நூறு மூடை கோதுமையை எண்பது என்றும் பத்திரத்தில் மாற்றி எழுதச் சொல்கிறார். (தலைவர் அவரைப் பாராட்டியது ஏன் என்பதை மறைக்கல்வி வகுப்பில் விளக்குவது எளிதன்று, அதை அருட்சகோதரிகளிடம் விட்டுவிடுகிறேன்.) தலைவருக்குத் தெரியாமல் முகவர் கணக்கை மாற்ற முடியும் என்பது அக்காலத்திலும் மக்களுக்குத் தெரிந்திருந்தது.

கணிப்பொறி முகவர் தானாகக் கணக்கை மாற்றாது. ஆனால் அதை எழுதியவர் யார்? வாங்கும் நிறுவனமே எழுதி இலவசமாகக் கொடுத்தால், பாட்டியிடம் இனிய குரலில் "அம்மா, வணக்கம்" என்று பேசும் அம்முகவர், பேரத்தில் யார் பக்கம் நிற்கும்? பாட்டி தன் அடிமட்ட விலையை அதனிடம் சொல்லிவிட்டாள். துண்டின் அடியில் இருந்த விரல் இப்போது எதிராளியின் கையில் உள்ள ஏட்டில் எழுதப்பட்டுவிட்டது. வழக்கமாக வரும் வியாபாரி எப்படிப்பட்டவர் என்பது ஊருக்குத் தெரியும்; அவர் மகள் கல்யாணத்துக்கு நாம் போயிருப்போம்; மழை பொய்த்த ஆண்டில் முன்பணம் கொடுத்தவரும் அவரே. அந்த முன்பணமே விலையைக் கட்டிப்போடும் கயிறு என்பதையும் மறக்க முடியாது. கூட்டுறவுச் சங்கமோ விவசாயிகளே சேர்ந்து அமைத்த உற்பத்தியாளர் நிறுவனமோ அம்முகவரை வைத்திருந்தால் இந்த ஐயம் பெருமளவு நீங்கும் என்பது என் கருத்து.

இன்னொன்று, அக்கைப்பேசி யாருடையது? பழம் பறிப்பதும் களத்தில் கிளறிக் காய வைப்பதும் பெரும்பாலும் பெண்கள். கைப்பேசி அப்பாவின் சட்டைப் பையில். குரல் சந்தை எத்தனை எளிதாயிருந்தாலும், அழைப்பு வரும்போது அம்மா களத்தில் இருந்தால் அது அவருக்கு எட்டாது.

சென்ற பருவத்தில் ஒன்பதாம் வகுப்பில் ஒரு கேள்வி கேட்டேன். வீட்டில் பெரியவர்களுக்குக் கைப்பேசிச் செய்திகளைப் படித்துச் சொல்பவர் எத்தனை பேர்? வகுப்பில் பாதிக்கு மேல் கை உயர்ந்தது. விடுதிப் பிள்ளைகள் கையை இறக்கிவிட்டு, "லீவுக்குப் போனால்தான் டீச்சர்" என்றார்கள். ஒரு மாணவி எழுந்து சொன்னாள். பாட்டி விற்ற செர்ரிக்கு ஒரு வியாபாரியிடமிருந்து ஆங்கிலத்தில் செய்தி வந்ததாம். அதில் இருந்த எடைக்கழிவை இவள் கவனிக்காமல் மொத்தத் தொகையை மட்டும் படித்துச் சொல்லிவிட்டாள். இரண்டு வாரம் கழித்துக் கணக்குப் பார்த்தபோதுதான் தெரிந்தது. பாட்டி திட்டவில்லையாம். "நீ படிச்சது தப்பில்ல, நான் கேக்காததுதான் தப்பு" என்றாளாம். சொல்லும்போது அவள் கண் கலங்கியது.

அதன் பின் அவ்வகுப்பு ஒரு வேலை செய்தது. விடுமுறையில் அவரவர் வீட்டுப் பெரியவர்களிடம், காப்பி, மிளகு, பலா, ஆரஞ்சு விற்கும்போது சொல்லும் சொற்களைக் கேட்டு எழுதி வந்தனர். எடைக்குரிய சொற்கள், தரத்துக்குரிய சொற்கள், கழிவுக்குரிய சொற்கள், பின்னங்கள், 'தர மாட்டேன்' என்பதை நயமாகச் சொல்லும் வகைகள். மலையாளிப் பழங்குடிக் குடும்பப் பிள்ளைகள் கொண்டு வந்தவற்றுள் எனக்கே புதியவை பல. நாற்பது பக்க நோட்டு ஒன்று நிறைந்துவிட்டது. அது இப்போது எங்கள் வகுப்பு அலமாரியில், மலை வரைபடத்துக்குக் கீழே இருக்கிறது. பார்க்க விரும்பும் பெற்றோர் ஆண்டு விழாவன்று வந்து கேட்கலாம். விடுபட்ட சொல் ஏதேனும் தெரிந்தால், கடைசிப் பக்கங்கள் நான்கைக் காலியாகவே விட்டிருக்கிறோம்.